சுமக்க ஆள் தேடினேன்

கோவை பெரிய கடை வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், ஓட்டுக்கூரையும் ஒடுக்கமான கருங்கற்படிகளும் கொண்ட பழைய மாடியில் எங்கள் நூல் தரகு அலுவலகம் இயங்கி வந்தது. முப்பத்தோராண்டு காலம் நான் அங்கே கணக்கு எழுதினேன். புனித மிக்கேல் அதிதூதர் பேராலயத்தின் நண்பகல் மணி கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு மூவேளை செபத்தை மனத்திற்குள் சொல்லிக்கொள்வது என் வழக்கம். அந்த மாடியை விட்டு வேறிடம் போக நேரும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

ஆனால் கட்டடத்துக்கு வயதாகிவிட்டது. மழைக்காலத்தில் சுவர் விம்மத் தொடங்கியது. இடித்துக் கட்டப்போவதாகவும், மூன்று மாதத்தில் காலி செய்து தரவேண்டும் என்றும் உரிமையாளர் சொல்லியனுப்பினார். அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றுமில்லை. இராமநாதபுரத்தில், திருச்சி சாலைக்கு உட்புறமாக, தரைத்தளத்திலேயே ஓரிடம் அமைந்தது. தூரம் நான்கு கிலோமீட்டர் அளவே. எங்கள் முதலாளிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. "நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள்" என்று பொறுப்பை என் தலையில் வைத்தார்.

முதலில் பட்டியல் எழுதினேன். ஸ்டீல் பீரோக்கள் பதினொன்று, மேசைகள் ஐந்து, கணினிகள் மூன்று, நாற்காலிகள், நூல் மாதிரிகள் அடுக்கிய மரப்பெட்டிகள், முதலாளியின் தகப்பனார் காலத்து இரும்புப் பெட்டி ஒன்று. இவை போகப் பேரேடுகள். பழைய கணக்குப் புத்தகங்களை நினைத்தபோது தூக்கிப்போட முடியாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், ஒரு கம்பெனி தன் கணக்குகளை எட்டு நிதியாண்டுகள் காத்து வைக்கவேண்டும் என்கிறது. நாங்களோ எட்டுக்கு மேல் முப்பது ஆண்டுகளும் சேர்த்துக் காத்து வைத்திருந்தோம்! தொழில் முகவரி மாறினால் பதினைந்து நாட்களுக்குள் ஜி.எஸ்.டி. பதிவில் திருத்தம் கேட்கவேண்டும் என்பதையும் பட்டியலின் அடியில் குறித்துக்கொண்டேன். காகித வேலை எனக்குக் கைவந்தது. பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறவர் யார் என்பதுதான் தெரியவில்லை.

என் மகன் கைப்பேசியில் தேடினான். ஏதோ ஒரு பக்கத்தில் எங்கள் எண்ணைப் பதிந்தான். ஒரு மணி நேரத்திற்குள் ஏழு பேர் அழைத்துவிட்டார்கள். ஓரிடத்தில் கொடுத்த எண் பல நிறுவனங்களுக்குப் பங்கிட்டுப் போகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். எல்லாரும் இனிமையாகவே பேசினார்கள். ஒருவர் முப்பத்தோராயிரம் என்றார்; இன்னொருவர் இருபத்திரண்டாயிரம் என்றார்; வேறொருவர் பதினாலாயிரம் போதும் என்றார். "எத்தனை பீரோ?" என்பதுதான் எல்லாரும் கேட்ட கேள்வி. மாடியா தரையா என்று இருவர் கேட்டனர். படியின் அகலத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் நேரில் வரவுமில்லை.

என் தங்கை மகன் இங்கிலாந்தில் ஒரு சிறு சந்தை நகரத்தில் இருக்கிறான். வாரந்தோறும் சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடுகிற, நம் பொள்ளாச்சியைப் போன்ற ஊர் என்று சொல்வான். அவன் வேலை செய்யும் அலுவலகமும் முந்திய ஆண்டு இடம் மாறியதாம். அங்கே முதலில் ஒரு மதிப்பீட்டாளர் வந்து அறை அறையாகப் பார்த்து, அலமாரிகளைத் திறந்து, வண்டி எங்கே நிற்கும் என்பது வரை கேட்டுக்கொண்டு போய், பிறகுதான் விலையை எழுத்தில் அனுப்பினாராம். பொருள் பெயர்க்கும் தொழிலாளர்களின் முதலாளிமார் அந்நாட்டில் 1900ஆம் ஆண்டிலேயே தங்களுக்கென்று சங்கம் கண்டவர்கள். "பார்க்காமல் விலை சொல்பவரை நம்பாதீர்கள், மாமா" என்று அவன் தொலைபேசியில் எச்சரித்தான். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே பதினாலாயிரம் சொன்னவருக்கு மூவாயிரம் ரூபாய் முன்பணமும் அனுப்பிவிட்டேன்! கணக்கு எழுதுகிறவனுக்குச் சிறிய எண்ணைக் கண்டால் வரும் மயக்கம் அது.

குறித்த நாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை மாலைக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி பதினோரு மணிக்கு வந்தது. வண்டியில் எழுதியிருந்த பெயர் வேறு. வந்த இளைஞர் இருவரும் எங்களிடம் பேசிய நிறுவனத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். யாரோ அழைத்தார்கள், அவர்கள் வந்தார்கள், அவ்வளவே. படியைப் பார்த்தார்கள், இரும்புப் பெட்டியைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கைப்பேசியில் யாருடனோ பேசிவிட்டு, இன்னும் பன்னிரண்டாயிரம் கொடுத்தால்தான் முடியும் என்றார்கள். நான் மறுத்தேன். வண்டி திரும்பிப் போயிற்று. முன்பணம் வாங்கியவரின் எண் அதன்பின் மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

ஒருவகையில் இது நல்லதாயிற்று என்றே பிற்பாடு தோன்றியது. எங்கள் பங்கைச் சேர்ந்த நண்பர் ஒருவருக்குப் பொருளெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு இதே பேச்சு வந்திருக்கிறது. இருமடங்கு கொடுத்தபின்தான் இறக்கினார்களாம். இத்தகைய இடர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பொதுச் சரக்குச் சுமப்போர் பதிவு பெற்றிருக்கவேண்டும். ஏற்றுக்கொண்ட பொருளுக்கு இரசீது தரவேண்டும். ஆனால் அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பொருளின் மதிப்பை நாம் முன்கூட்டி எழுத்தில் அறிவிக்காவிட்டால், சேதத்திற்கு அவர்கள் ஏற்கும் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு என்ற எல்லைக்குள் நின்றுவிடும். இழப்பு நேர்ந்தால், பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து நூற்றெண்பது நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்காமல் வழக்குத் தொடர முடியாது. "காப்பீடு உண்டு" என்று சொல்லிச் சிலர் தனித்தொகை வாங்குவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டால்தான் உண்மை விளங்கும். இவற்றையெல்லாம் நான் படித்தது அந்தச் சனிக்கிழமை நண்பகலில், காலியான தெருவைப் பார்த்துக்கொண்டு. படிக்கவேண்டிய காலத்தில் படிக்கவில்லை.

மூன்று மணிக்குக் கீழே இறங்கி வந்தேன். எங்கள் சந்து கடை வீதியைச் சந்திக்கும் முனையில், பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் திண்ணையில், சுமை தூக்கும் தொழிலாளர்கள் எப்போதும் ஏழெட்டுப் பேர் அமர்ந்திருப்பார்கள். துணி பேல்களும் பாத்திர மூட்டைகளும் வந்திறங்கும்போது எழுந்து போவார்கள். பிறகு திரும்பி வந்து உட்காருவார்கள். முப்பத்தோராண்டுகளாக நாள்தோறும் இருமுறை அவர்களைக் கடந்து சென்றிருக்கிறேன். மழைக்குக்கூட அவர்கள் பக்கத்தில் ஒதுங்கியதில்லை. ஊரெல்லாம் தேடிய எனக்கு, உள்ளூர்க்காரர் என்றால் இவர்கள்தாம் என்று தோன்றவேயில்லை என்பதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

அவர்களுள் மூத்தவர் ஒருவர் எழுந்தார். நரைத்த மீசை, தோளில் மடித்த சும்மாட்டுத் துணி. "ஏனுங்க ஐயா, மேல வந்து ஒரு தடவை பாத்துக்கட்டுங்களா?" என்றார். விலை சொல்வதற்கு முன் மேலே வந்து பார்க்கக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

படியேறும்போதே இரு கைகளையும் விரித்துச் சுவருக்குச் சுவர் அளந்துகொண்டார். படி திரும்பும் இடத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். பீரோ ஒவ்வொன்றையும் முழங்காலால் மெல்ல அசைத்துப் பார்த்தார். "காகிதம் இரும்ப விடக் கனமுங்க. சாக்குல போட்டுக் கட்டாதீங்க, சின்ன அட்டைப் பெட்டியா வாங்கிப் போடுங்க" என்றார். அது உண்மைதான். நாம் வாங்கும் ஐந்நூறு தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ இருக்கும். பத்துக் கட்டு சேர்ந்தால் இருபத்தைந்து கிலோ. ஒரு பீரோ நிறையப் பேரேடு என்றால் எவ்வளவு என்று நானே கணக்கிட்டு மலைத்துப்போனேன். கடைசியாக அவர் இரும்புப் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்தார்.

"இது காலிங்களா?"

"காலிதான்" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பார்த்துவிட்டேன், பெரியவரே."

மேல்கதவைத் திறந்து பத்திரங்களையும் பணத்தையும் எடுத்தது உண்மை. அடியில் இருந்த இழுப்பறையின் சாவி எங்கே என்று பல ஆண்டுகளாகவே எனக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

எட்டு ஆட்கள், இரண்டு குட்டியானை வண்டிகள், ஏற்றுவது, இறக்குவது எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரம் கேட்டார். குட்டியானை என்பது 2005இல் சந்தைக்கு வந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் வைத்த பெயர்; முக்கால் டன் சுமை தாங்கும். நான்கைந்து நடை போகவேண்டி வரும் என்று விளக்கினார். நியாயமான விலை என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டும் முப்பத்தொன்றும் கேட்டவன் அல்லவா நான்? ஆயினும் பேரம் பேசினேன். பதின்மூன்றாயிரத்தில் நின்றேன். அவர் திண்ணையில் இருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரிங்க" என்றார். எங்கோ முகம் தெரியாதவரிடம் பறிகொடுத்த மூவாயிரத்தை இந்த எட்டுப் பேரிடமிருந்து மீட்டுக்கொண்டேன் என்ற திருப்தியுடன் வீடு திரும்பினேன்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என் மகனும் நானும் அட்டைப்பெட்டிகளில் பேரேடுகளை அடுக்கி, ஒவ்வொரு பெட்டியிலும் எண் எழுதினோம். அன்றிரவு குடும்ப செபமாலைக்குப் பின் விவிலியத்தைப் புரட்டியபோது, எண்ணிக்கை நூலின் ஏழாம் அதிகாரம் கண்ணில் பட்டது. சந்திப்புக் கூடாரத்தை இடம் பெயர்க்க லேவியர்க்கு வண்டிகள் பங்கிடப்பட்ட செய்தி அங்கே இருக்கிறது. திரைகளைச் சுமந்த கேர்சோன் வழியினருக்கு இரண்டு வண்டியும் நான்கு மாடும். சட்டங்களையும் தூண்களையும் சுமந்த மெராரி வழியினருக்கு நான்கு வண்டியும் எட்டு மாடும். திருப்பொருள்களைச் சுமந்த கோகாத்து வழியினருக்கு மட்டும் வண்டி இல்லை. அவர்கள் தோளிலேயே சுமக்கவேண்டும். இத்தனை முறை படித்தும், சுமைக்குத் தக்கபடி வண்டி கொடுத்திருக்கிறார்களே என்பதை அன்றுதான் கவனித்தேன். அதற்கு மேல் ஒன்றும் சிந்திக்கவில்லை. தூக்கம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை, கடைகள் திறக்குமுன், ஐந்தரை மணிக்கே எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். பெரியவர் முதலில் செய்த காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் மேசைகளில் உறுதியானதைத் தூக்கிப்போய்ப் படியின் திருப்பத்தில் போட்டார். மேலிருந்து வருபவர் சுமையை அதன்மேல் வைத்து, மூச்சு வாங்கி, தோள் மாற்றிக்கொண்டு இறங்கினார். "இது நம்ம சுமைதாங்கிங்க" என்று சிரித்தார்.

சுமைதாங்கிக் கல்லை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள். இரு கற்களை நட்டு, மேலே ஒரு நீண்ட கல்லைக் கிடத்தி, சந்தைக்குத் தலைச்சுமையோடு நடப்பவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அமைப்பார்கள். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் அதை நட்டுவைப்பது தமிழ்நாட்டு வழக்கம். நம் கொங்கு நாட்டுப் பழைய பாதைகளின் ஓரத்தில் இன்னும் சில சாய்ந்து கிடக்கின்றன. சாலையை அகலப்படுத்துகையில் போனவை பல.

பத்து மணிக்குள் பீரோக்களும் பெட்டிகளும் இறங்கிவிட்டன. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. இறுதியாக இரும்புப் பெட்டி. தாம்புக்கயிற்றை மேல்தூணில் சுற்றி மூவர் பிடித்துக்கொள்ள, இருவர் பக்கத்தில் நிற்க, இருவர் கீழிருந்து தாங்கினர். பெரியவர் குரல் கொடுத்தார். படிப்படியாக இறங்கியது. திருப்பத்துக்கு இரண்டு படி இருக்கும்போது பெட்டியைச் சாய்த்தார்கள். அப்போது உள்ளே ஏதோ உருண்டது. காலியான பெட்டிக்குள் எழும் ஒலியன்று அது. பெட்டி ஒரு பக்கமாகத் துள்ளியது. கீழே நின்ற இளைஞனின் வலது கால் படிக்கும் பெட்டிக்கும் நடுவில் அகப்பட்டது. அவன் கத்தவில்லை. "கயித்த விடாதீங்க, கயித்த விடாதீங்க" என்றுதான் சொன்னான்.

கால்விரல்கள் இரண்டு நசுங்கிவிட்டன. திருச்சி சாலையிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அவனைக் கொண்டுபோனோம். எலும்பு முறிந்திருக்கிறது, ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்றார்கள். மற்றவர்கள் பெட்டியைப் புதிய இடத்தில் இறக்கி வைத்துவிட்டே மருத்துவமனைக்கு வந்தார்கள்.

மாலையில் ஒரு கொல்லனை அழைத்து அடி இழுப்பறையைத் திறக்கச் செய்தேன். உள்ளே பழைய ராத்தல் எடைக்கற்கள். மெட்ரிக் முறை வந்தபின் பயனற்றுப்போன இரும்புக் கற்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. முதலாளி அவற்றைக் கண்டதும் முகம் மலர்ந்து, "அப்பாவின் கற்கள்! எங்கே போயிற்றென்று எத்தனை நாள் தேடினேன்!" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு, பெட்டி காலி என்று திறந்து பாராமலே சொன்னவன் நான் என்பதை அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கல்லை மேசைமேல் வைத்தார். "அந்தப் பையனிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் ஒருவரும் என்னைக் கேட்கப்போவதும் இல்லை. கயிறு நழுவிற்று என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். கயிறு பிடித்த மூவரில் ஒருவன் தன்மேல்தான் தவறு என்று அழுதுகொண்டிருந்ததாகப் பின்னர் அறிந்தேன். செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் மன்னிப்புக் கேட்டு நாம் ஞாயிறுதோறும் மார்பில் அறைந்துகொள்கிறோமே, அந்த வாரம் அதை மனம்விட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆறாம் நாள் திண்ணைக்குப் போனேன். பெரியவரிடம், மற்றவர்கள் கேட்கவே, நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "நான் ரெண்டு தடவை கேட்டனுங்களே" என்றார். வசையாக அல்ல, தன்மேலேயே ஐயம் தீர்த்துக்கொள்வதுபோல் சொன்னார். கயிறு பிடித்த பையனை அருகில் அழைத்து, "கேட்டுக்கடா" என்றார்.

குறைத்த மூவாயிரத்தைக் கொடுத்தேன். மருத்துவச் செலவையும் ஆறு வாரக் கூலியையும் முதலாளி ஏற்றுக்கொண்டார். நானும் என் பங்காக ஒரு பகுதி சேர்த்தேன். அந்த இளைஞனின் வீட்டுக்கு இருமுறை போனேன். அவன் மனைவி கருவுற்றிருந்தாள். கோபம் அவளிடம்தான் இருந்தது. அது நியாயமான கோபம்.

அங்கே பேச்சுவாக்கில் ஒன்றைக் கேட்டேன்: "நல வாரியத்தில் பதிந்திருக்கிறாயா, தம்பி?" அவனுக்குப் புரியவில்லை. 1982ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று சட்டம் இயற்றப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றித் தம் சுற்றுமடலை எழுதியதற்கு மறு ஆண்டு அது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த வாரியத்தில் பதிந்துகொண்ட சுமைத் தொழிலாளிக்கு விபத்து உதவி உண்டு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு, மகப்பேற்று உதவி உண்டு, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. பதிந்திருந்தால் அவனுக்கு அதிலிருந்தும் ஏதேனும் கிடைக்க வழி இருந்திருக்கும். அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பதிந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு குறிப்பேட்டுடன் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். விண்ணப்பம் இப்போது கணினி வழியே என்பதால், விவரங்களை நான் எழுதிக்கொண்டு போனால் மகன் ஏற்றிவிடுவான். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மடித்த பைகளில் கொண்டுவந்திருந்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த நாள், பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன். மருத்துவமனையிலிருந்து திரும்பியவன் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அருகில் உட்கார்ந்து, எனக்குப் புரியாத ஊர்ப் பெயர்களைத் திருத்திச் சொன்னான்.

கடைசியாகப் பெரியவர் தம் அட்டையை நீட்டினார். பிறந்த ஆண்டைப் பார்த்துக் கழித்தேன்; மீண்டும் ஒருமுறை கழித்தேன். அறுபத்து மூன்று. பதினெட்டு முதல் அறுபது வயதுக்குள் இருப்பவர்தாம் புதிதாகப் பதியலாம்.

"எனக்கு ஆகாதுங்களா?" என்றார், என் முகத்தைப் பார்த்து.

"மூன்று வருடம் முன்னால் பதிந்திருந்தால்கூட ஆகியிருக்கும், பெரியவரே. ஏன் பதியாமல் விட்டீர்கள்?"

அவர் சந்தின் உள்ளே, இடிப்பதற்காகச் சன்னல்களைக் கழற்றியிருந்த எங்கள் பழைய மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்க சொன்னாங்க?"

அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீதியில் பேல் வண்டி ஒன்று வந்து நின்றது. சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து போனார்.